பன்னிரண்டு டிகிரி

கண்ணாடி வாங்க வருகிறவர்கள் ஃபிரேமைத்தான் பார்க்கிறார்கள். முகத்துக்கு எடுப்பாக இருக்கிறதா, மூக்கை அழுத்துகிறதா, பக்கத்து வீட்டுக்காரர் போட்டிருப்பதைவிட நன்றாக இருக்கிறதா என்பதோடு சரி. லென்ஸைப் பற்றிக் கேள்வி கேட்டவர், இந்தப் பதினெட்டு வருஷத்தில் நீங்கள் ஒருவர்தான். தொழிற்சாலை விபத்துகளை விசாரிக்கிற அதிகாரிக்கு இவ்வளவு பொறுமை இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. உட்காருங்கள். அந்த நாற்காலி ஆடும், சுவரோரம் இருப்பதை இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

நீங்கள் கொண்டுவந்த இரண்டு கண்ணாடிகளும், விபத்தில் அடிபட்ட அந்தப் பெண்ணுக்கு நான் செய்தவைதான். டாக்டர் சீட்டில் எழுதிய பவர் இரண்டிலும் அப்படியே இருக்கிறது. ஆனால் அவளுக்குக் கருவிழியின் வளைவு ஒரு பக்கம் கூடுதல். அப்படிப்பட்டவர்களுக்கு லென்ஸைக் குறிப்பிட்ட கோணத்தில் திருப்பிப் பொருத்த வேண்டும். கோணம் சில டிகிரி தப்பினாலும் எழுத்து தெரியும், முகம் தெரியும். தரை மட்டும் லேசாகச் சரிந்திருக்கும், நேர்கோடு நேராக இருக்காது, சாயங்காலத்துக்குள் தலைவலி வந்துவிடும். டாக்டர் சீட்டு எழுதுவதோடு அவர் வேலை முடிந்தது. செய்து முடித்த லென்ஸைக் கருவியில் வைத்துச் சோதிப்பது கடைக்காரன் வேலை. இந்தக் கடையில் அது நான்.

அவள் ஆயத்த ஆடைப் பட்டறையில் கட்டிங் மாஸ்டர். உங்களுக்கே தெரியும். நாற்பது அடுக்குத் துணியை மேஜையில் விரித்து, மின்கத்தியைச் சாக்பீஸ் கோட்டின்மேல் ஓட்டுகிற வேலை. கோடு போடாமலே நேராக வெட்டுவாள் என்பதால் பட்டறையில் எல்லோரும் அவளை 'ஸ்கேல்' என்றுதான் கூப்பிடுவார்கள். நாங்கள் நான்கு வருஷம் பழகினோம். மூன்றாவது வருஷக் கடைசியில் எனக்கு அலுத்துவிட்டது. அவள்மேல் குற்றம் ஒன்றும் இல்லை. மற்றவர்களுக்குப் பிரிவதற்கு ஒரு காரணமாவது கிடைக்கிறது, எனக்கு அதுவும் கிடைக்கவில்லை. அவள் சுவாரசியமாக ஏதோ சொல்லிக்கொண்டிருப்பாள், நான் கடையைப் பூட்டினேனா என்று யோசித்துக்கொண்டிருப்பேன்.

என் அக்காவிடம் யோசனை கேட்டேன். அக்கா எதையும் உடைத்துப் பேசுகிறவள்.

"இதுல யோசிக்க என்னடா இருக்கு? நேர்ல போய் உட்கார்ந்து சொல்லிடு. உன்மேல தப்பில்ல, என் மனசு மாறிப்போச்சுன்னு சொல்லு. அழுவா. எழுந்து ஓடிடாம கூடவே உட்கார்ந்திரு. இழுத்தடிக்காத. அதுதான்டா பாவம்."

போனேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டுதான் போனேன். அவள் கதவைத் திறந்து, என் சட்டையின் காலர் மடங்கியிருந்ததைச் சரிசெய்துவிட்டு முகத்தைப் பார்த்தாள்.

"என்ன, முகம் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்ல. தூக்கம் சரியில்ல."

சொல்ல வந்ததை மென்று விழுங்கிவிட்டேன். அவள் முகம் வாடுவதைப் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை. இரக்கம் என்று வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த வாரம்தான் புதுக் கண்ணாடிக்குச் சீட்டு கொண்டுவந்து கொடுத்தாள். நான் நிதானமாக யோசித்தேன். தலைவலி இருக்கிறவர்களுக்குப் பொறுமை இருக்காது. பொறுமை இல்லாவிட்டால் சண்டை வரும். சண்டை வந்தால் அவளே போய்விடுவாள், முடிவு அவளுடையதாக இருக்கும், நிராகரிக்கப்பட்டோம் என்ற நினைப்பு அவளுக்கு வராது. நான்கு டிகிரி திருப்பினேன். போதவில்லை. சரிசெய்து தருகிறேன் என்று வாங்கி எட்டு ஆக்கினேன். அடுத்த முறை பன்னிரண்டு.

அவள் சண்டை போடவில்லை. அங்கேதான் என் கணக்கு தப்பியது. படியில் தடுமாறினாள், பேருந்தில் வாந்தி எடுத்தாள், பட்டறையில் முதல் தடவையாக ஒரு அடுக்கு முழுவதும் கோணலாகப் போனது. அதற்கெல்லாம் என்னிடம்தான் மன்னிப்புக் கேட்டாள், உன்கூடச் சிரித்துப் பேசி எத்தனை நாளாகிறது என்று. டாக்டரிடம் போனாள். அவர் அதே அளவை எழுதி, கண்ணில் கோளாறு இல்லை என்று அனுப்பிவிட்டார்.

"கண்ணுல ஒண்ணுமில்லையாம்" என்றாள். "அப்ப கோளாறு எனக்குத்தான். தலைக்குள்ள என்னமோ ஆகுது."

நான் அவள் நெற்றியைப் பிடித்துவிட்டேன். தைலம்கூட வாங்கிக் கொடுத்தேன்.

மின்கத்தி ஓட்டுகிறவர்கள் இடது கையில் இரும்பு வலைக் கையுறை போட வேண்டும். அவள் ஏன் போடவில்லை என்று பட்டறையில் யாருக்கும் தெரியவில்லை, அலட்சியம் என்று எழுதியிருக்கிறார்கள். அது தவறு. கோடு சரிந்து தெரிந்ததால் துணியின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்து வெட்ட ஆரம்பித்திருந்தாள். இரும்புக் கையுறைக்குள் விரலுக்கு ஒன்றும் தெரியாது. "கண்ணை நம்ப முடியல, தொட்டுப் பார்த்தாத்தான் நம்பிக்கை வருது" என்று விபத்துக்கு ஒரு வாரம் முன்பே என்னிடம் சொன்னாள். பார்த்து வேலை செய் என்றேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாதிக்கு மேல் போய்விட்டன.

கட்டுப் பிரித்த அன்று மத்தியானம் அவள் அறைக்கு வரச்சொன்னாள். ஜன்னலோரக் கட்டிலில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம்.

"எனக்குச் சுத்தி வளைச்சுப் பேசத் தெரியாது. உன்மேல ஒரு குறையும் இல்ல. ஆனா உன்னைப் பார்த்தா இப்பல்லாம் பாரமா இருக்கோமேங்கற நினைப்புதான் வருது, பிரியம் வர மாட்டேங்குது. இருக்கிற மாதிரி நடிச்சா உன்னை ஏமாத்துற மாதிரி ஆயிடும். அதான் நேர்ல சொல்லிடலாம்னு கூப்பிட்டேன். நாம பிரிஞ்சிடலாம்."

ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. நான் அழுதேன். அவள் எழுந்து போகாமல், நான் அழுது முடிக்கும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

நான் நினைத்தது நடந்துவிட்டது. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் சமையலறை பல்பு எரிந்துபோனபோது ஸ்டூலைப் பிடித்துக்கொள்ள ஆள் இல்லை, மூன்று வாரம் பக்கத்து அறை வெளிச்சத்தில் சமைத்தேன். கடையில் ஏதாவது வேடிக்கை நடந்தால் சொல்வதற்கு ஒருவரும் இல்லை. அக்காவுக்கு போன் செய்தால் குழந்தைகளின் சத்தம்தான் கேட்கும். தனியாக இருப்பது எனக்குத் தாங்கவில்லை, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

இரண்டு மாதம் கழித்து அவள் கடைக்கு வந்தாள். வாடிக்கையாளராகத்தான்.

"இன்னும் தலை வலிக்குது. நீ செஞ்சா சரியா இருக்கும்னு வந்தேன். பார்த்துக் குடேன்."

புதுக் கண்ணாடிக்கான லென்ஸைக் கருவியில் வைத்தேன். தப்பைச் சுழியத்துக்குக் கொண்டுவந்துவிடலாம் என்றுதான் கை போனது. சரியாக்கிவிட்டால் அவள் திரும்ப வருவதற்கு இரண்டு வருஷமாவது ஆகும் என்பது அப்போதுதான் தோன்றியது. ஐந்து டிகிரியில் நிறுத்தினேன்.

விபத்துக்குப் பிறகு செய்த கண்ணாடியும் ஏன் தப்பாக இருக்கிறது என்று கேட்டீர்கள். காரணம் அவ்வளவுதான். மாதம் ஒரு முறை வருகிறாள். நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியில்தான் உட்காருவாள். காதுக் கம்பியைச் சூடாக்கி வளைத்து நானே மாட்டிவிடுவேன், அவள் கண்ணை மூடிக்கொள்வாள். இப்போது துணி மடிக்கிற வேலை பார்க்கிறாள், அதைப் பற்றிப் பேசுவாள். ஒரு வார்த்தை விடாமல் கேட்கிறேன். முன்பு அப்படிக் கேட்டதில்லை.

ஆம், எல்லாம் தெரிந்தே செய்தேன். முதலில் அவள் போவதற்கு, பிறகு அவள் வருவதற்கு. இப்போது அவள் போட்டிருக்கும் மூன்றாவது கண்ணாடியிலும் ஆறு டிகிரி இருக்கிறது. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். இதை அவளிடம் சொல்லத்தான் வேண்டும் என்றால் முகத்தில் அடித்தாற்போலச் சொல்லிவிடாதீர்கள். அவள் மனம் நோகும்படி நான் ஒரு நாளும் ஒரு வார்த்தை பேசியதில்லை.