பச்சை அளவு ஜாக்கெட்

உங்கள் காக்கிச் சட்டை இடது தோளில் அரை இஞ்ச் இறங்கியிருக்கிறது, இன்ஸ்பெக்டரம்மா. குறை சொல்வதாக நினைக்க வேண்டாம், தொழில் புத்தி. ராஜபாளையத்தில் இருபத்திரண்டு வருஷமாக ஜாக்கெட் தைக்கிறேன். ஒரு பெண் தெருமுனை திரும்பும்போதே அவள் அளவு எனக்குத் தெரிந்துவிடும். நீங்கள் முப்பத்தாறு.

செல்லக்கனி அக்காவைப் பற்றித்தானே கேட்டீர்கள். எழுதிக்கொள்ளுங்கள், ஒளிக்க ஒன்றுமில்லை.

அவள் புருஷன் சுயம்புலிங்கம் அண்ணாச்சி முதலில் பம்பாயில் கடை வைத்திருந்தார். எண்பத்தாறில் கடையை விற்றுவிட்டு, இங்கே பேண்டேஜ் துணி நெய்யும் தொழிற்சாலை போட வந்தார்கள். பம்பாயிலிருந்து வருகிறவர்கள் கலர் டிவி கொண்டு வருவார்கள். இவர்கள் இரண்டு சிலிக்கோன் பை கொண்டு வந்தார்கள், அக்காவின் நெஞ்சுக்குள் வைத்துத் தைத்து. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவளுக்கு நான்தான் தைத்தேன், அதனால் என்னிடம் மறைக்க முடியவில்லை. அவள், புருஷன், நான், மூன்று பேருக்குத்தான் தெரியும்.

நம் பெண்கள் உடம்பில் டேப் வைக்க விட மாட்டார்கள், உங்களுக்கே தெரியும். பொருத்தமான ஜாக்கெட் ஒன்றைக் கொடுத்து “இதே மாதிரி” என்பார்கள். அதுதான் அளவு ஜாக்கெட். அக்காவின் புது நெஞ்சுக்குப் பச்சை நிறத்தில் ஒன்று தைத்தேன். மூச்சுவிட இடம் இருக்கும், சுருக்கம் ஒன்றுகூட இருக்காது. அவளும் அதை ஆசையாகக் கொஞ்ச நாள் உடுத்தி வெளுக்க வைத்துவிட்டு, அளவுக்கு என் கடையிலேயே போட்டுவிட்டாள்.

பிறகு இரண்டு பிள்ளை பிறந்தது. உள்ளே இருந்த சரக்கு குறையவில்லை, இறங்கிவிட்டது. முன்சீட் காலி, படிக்கட்டில் கூட்டம் என்கிற டவுன் பஸ் கதை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாணம், தொண்ணூற்று நாலு தை மாதம். மணப்பெண் அறையில் நான் பெண்ணுக்கு ஹூக் மாட்டிக்கொண்டிருந்தேன். அக்காவின் நாத்தனார் கேட்டாள்:

“என்ன மதினி, ஜாக்கெட்டு இப்படித் தொங்குது?”

“எல்லாம் இந்த ஜெயபாய் தச்ச லட்சணம். கண்ணு மங்கிப் போச்சு அவளுக்கு. கையும் முன்ன மாதிரி இல்ல.”

அறையில் பதினெட்டுப் பேர். எண்ணினேன். உண்மையைச் சொல்ல எனக்கு ஒரே வரி போதும். சொல்லவில்லை. வாக்குக் கொடுத்த ரகசியம். அந்த வைகாசியில் எனக்கு வர வேண்டிய கல்யாண ஜாக்கெட்டெல்லாம் சங்கிலிப்பாண்டி கடைக்குப் போயின. அவன் அதுவரை டவுசர் தைத்துக்கொண்டிருந்தவன்.

அக்கா மேல் எனக்குக் கோபம் இல்லை. இதை மட்டும் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள்.

மறு வருஷம் அவள் மெட்ராஸ் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்து, கடைக் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தாள்.

“ஏட்டி, டாக்டரு ரெண்டு வழி சொல்லுதாரு. இன்னும் பெரிய பையா வச்சா தொங்குற தோலு நெறைஞ்சிரும். இல்லன்னா மிஞ்சுன தோல வெட்டித் தூக்கித் தைக்கணும், தழும்பு விழும். நீ என்ன சொல்லுத?”

“துணி மிஞ்சுனா மடிச்சு டக்குதாங்க்கா புடிக்கணும். உள்ள அடைச்சா பாரம் இன்னும் கீழதான் இழுக்கும்.”

சரியான பதிலைத்தான் சொன்னேன். எந்த டாக்டரையும் கேட்டுப் பாருங்கள்.

“அவரும் அதத்தான் சொல்லுதாரு. தோலு மெலிஞ்சிருக்காம். பெரிய பை வச்சா தையலு பிரிஞ்சு சீழ் வைக்கலாம்னு பயங்காட்டுதாரு. எனக்குத் தழும்ப நெனச்சாத்தான் பயமா இருக்கு. அந்தப் பச்ச ஜாக்கெட்டு ஒங்கிட்டதான இருக்கு? நாளைக்கு வாரேன், போட்டுப் பாப்போம். புடிப்பா இருந்தா அளவு கொறையலன்னு அர்த்தம், தூக்கித் தச்சிருவேன். தொளதொளன்னு இருந்தா பெரிய பைதான்.” எழுந்தவள் வாசலில் நின்று சிரித்தாள். “தையலு பிரியுமாம்ல. அவரு என்ன ஜெயபாயா, பிரியுற மாதிரி தைக்க?”

நானும் சிரித்தேன். நல்ல வேடிக்கைதானே.

அன்று மத்தியானம் சாப்பிட்டு முடித்துப் பச்சை ஜாக்கெட்டை எடுத்தேன். ஒரு பெண் பருத்தால் பிரித்துவிட என்று பக்கவாட்டில் உள்ளே துணி விட்டு இரண்டு வரித் தையல் போட்டிருப்போம். அதைப் பிரித்தேன். டக்கையும் தளர்த்தினேன். மொத்தம் இரண்டு இஞ்ச். உள்ளே மடிந்திருந்த பட்டை மட்டும் வெளுக்காமல் புதுப் பச்சையாகப் பளிச்சென்று தெரிந்தது. டீத்தண்ணீர் தொட்டு மங்க வைத்து, அயர்ன் போட்டேன். வேலை சுத்தமாக இருந்தது.

மறுநாள் போட்டுப் பார்த்தாள். கண்ணாடி முன்னால் இரண்டு பக்கமும் துணியைப் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டு அழுதாள்.

“எம்புட்டு வத்திப் போயிட்டேன் பாத்தியா.”

“வயசாகுதுல்லாக்கா” என்றேன். அது பொய்யா? டாக்டருக்குக் காட்டுவதற்கு ஜாக்கெட்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு போனாள். அங்கேயும் போட்டுக் காட்டி, பெரிய பைதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று வாங்கிக்கொண்டாள்.

திரும்பி வந்தபோது அவளிடம் இருந்த முப்பத்தெட்டு ஜாக்கெட்டில் ஒன்றுகூடப் பத்தவில்லை. எல்லாவற்றையும் நானே பிரித்துப் புதிதாக டக் பிடித்தேன். ஒரு சுருக்கம் கிடையாது. சோழபுரத்தில் ஒரு வளைகாப்பில், ஜெயபாய்க்குப் பழைய கை திரும்பிவிட்டது என்று அவளே எல்லோரிடமும் சொன்னாள். சங்கிலிப்பாண்டி மறுபடி டவுசருக்குப் போனான். ஐந்து மாதம் நன்றாகப் போயிற்று.

ஆறாவது மாதம் தையல் பிரிந்தது. டாக்டருடையது. சீழ் வைத்துக் காய்ச்சல் நிற்கவில்லை. மதுரையில் இரண்டு பையையும் வெளியே எடுத்தார்கள். சொந்தத் தொழிற்சாலைத் துணியில் தினமும் ஒரு கட்டு சுற்றினார்களாம். அதற்குள் ரத்தத்தில் விஷம் கலந்துவிட்டது.

ஒருநாள் அண்ணாச்சி கடைக்கு வந்து பச்சை ஜாக்கெட்டை மேஜையில் வைத்தார். கட்டுக்கு மேல் தளர்வாக இருக்கும் என்று ஆஸ்பத்திரியில் அதைத்தான் உடுத்தினாளாம்; அங்கே துவைத்திருக்கிறார்கள். டீக்கறை போய் அந்தப் பட்டை பளிச்சென்று இருந்தது.

“இதப் பழையபடி புடிச்சுத் தரச் சொன்னா. ஜெயபாய்க்குப் புரியும்னா. அவளுக்கு இப்ப இது எதுக்குன்னு தெரியல” என்றார் பாவம்.

எனக்குப் புரிந்தது. பழைய ஊசித் துளைகள் அப்படியே இருந்தன. அதே வரியில், துளை மாறாமல் தைத்துக் கொடுத்தேன். ஒன்பதாம் நாள் அவள் போய்விட்டாள். முப்பத்தொன்பது வயசு.

அதைத்தான் கடைசியாகப் போட்டுவிட வேண்டும் என்று சொல்லியிருந்தாளாம். வீட்டுப் பெண்கள் என்னையே கூப்பிட்டார்கள். நான்தான் போட்டுவிட்டேன். தோள், கை, முதுகு எல்லாம் கச்சிதம். பையை எடுத்துவிட்டார்களே, நெஞ்சில் மட்டும் துணி தொங்கிக் கிடந்தது. சுற்றி இருந்த பெண்களில் நாத்தனாரும் இருந்தாள். குனிந்து பார்த்துவிட்டு, “இதும் ஜெயபாய் தச்சதா?” என்றாள்.

அப்போதுதான் பம்பாயில் ஆரம்பித்து, இரண்டு இஞ்ச் பிரித்தது வரை அத்தனையையும் அவர்களிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்தால் என் தையலைப் பற்றி என்ன நினைப்பார்கள், இன்ஸ்பெக்டரம்மா?