முன்னிசை வாசித்தவன்

யார் வீட்டுக்கும் நான் வெறுங்கையோடு போகிறவன் இல்லை. என் பழைய சிநேகிதன் நெட்டை வீட்டுக்குப் போகும்போது விதையில்லாத திராட்சை வாங்கிப் போவேன். நினைவு தப்ப ஆரம்பித்த பிறகு, விதையைத் துப்ப வேண்டும் என்பதே சில நாள் அவனுக்கு மறந்துவிடும். இதையெல்லாம் யோசித்துச் செய்கிறவன் நான் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இனிமேல் சொல்லப்போவதைக் கேட்டால் உங்களுக்கு என்மேல் கோபம் வரலாம்.

நீங்கள் அனுப்பிய பழைய ஒலிநாடாத் துண்டைக் கேட்டேன். பாட்டு தொடங்குவதற்கு முன்னால் இசையமைப்பாளரின் குரல் தெளிவாக இருக்கிறது. "நெட்டை, அப்படியே இன்னொரு தடவை வாசி." அதற்குப் பிறகு அந்த கிடார். மறுப்பதற்கு ஒன்றுமில்லை, அந்த முன்னிசையை வாசித்தது நெட்டைதான். அப்படியானால் நெட்டையே ஏன் உங்கள் ரெக்கார்டருக்கு முன்னால் உட்கார்ந்து, வாசித்தது தான் இல்லை, இவன்தான் என்று என்னைக் காட்டினான் என்று கேட்கிறீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

அன்றைய ரிக்கார்டிங்கில் முன்னிசைக்கு அழைக்கப்பட்டவன் நான். நெட்டை ரிதம், அதாவது பாட்டுக்குப் பின்னால் தாளத்தோடு மீட்டும் கிடார், வாசிக்க வந்திருந்தான். கதவு உயரம் இருப்பான். அந்த ஸ்டூடியோ நாற்காலியில் முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்திருந்தான். இசையமைப்பாளர் எனக்கு வாயாலேயே பாடிக் காட்டினார். என் விரலுக்கு அது வரவேயில்லை. கழுத்தில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு பாடகி கண்ணாடி அறைக்குள் காத்திருந்தாள், எனக்கு வியர்த்துக் கொட்டியது. கடைசியில் இசையமைப்பாளர், "ரெண்டு பேரும் இடம் மாறி உக்காருங்கப்பா" என்றார். மாறினோம். நெட்டை தன் கிடாரில் என்னவோ திருகினான், பிறகு வாசித்தான். நான் ரிதம் வாசித்தேன்.

எங்கள் தொழிலில் நாற்காலி மாறினாலும் பெயர் மாறாது. எதற்கு யாரை அழைத்தார்களோ, அதை வாசித்தது அவர்தான். வெளியே போய் வேறு மாதிரி பேசுகிறவனை அடுத்த முறை யாரும் கூப்பிட மாட்டார்கள். இசைத்தட்டின் உறையில் எங்கள் பெயர் எதுவும் வராது, அதனால் அப்போது அது பெரிய விஷயமாகவும் தெரியவில்லை. அன்று கேன்டீனில் நான் தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தபோது நெட்டை என் முதுகில் ஒன்று வைத்தான். "யார் வாசிச்சா என்னடா? பாட்டு நல்லா வந்துச்சுல்ல, டீயைக் குடி" என்றான்.

பாட்டு பட்டிதொட்டியெல்லாம் ஒலித்தது. அந்த கிடார் பிட்டை வாசித்தது நீங்களா என்று கேட்டார்கள். நான் சிரித்தேன். பக்கத்தில் நின்ற நெட்டையும் சிரித்தான். நான் பொய் சொல்லவில்லை, சிரித்தேன், அவ்வளவுதான். அந்தச் சிரிப்பை வைத்துத்தான் மேடை வந்தது, மாணவர்கள் வந்தார்கள், என் மனைவியும் வந்தாள். அவள் போய்ச் சேரும்வரை அந்தப் பாட்டு ரேடியோவில் வந்தால் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்ப்பாள். நெட்டை ஒரு ஹோட்டலில், சாப்பிடுகிறவர்களுக்குப் பின்னணியாக வாசித்துக்கொண்டு காலத்தைத் தள்ளினான். ஒரு நாள்கூட வாயைத் திறக்கவில்லை. அதை அவன் எனக்குக் கொடுத்துவிட்டான் என்றே நான் எடுத்துக்கொண்டேன்.

பிறகு நீங்கள் பழைய பாட்டுகளை, வாத்தியக்காரர்களின் பெயர்களோடு மறுபடி வெளியிடப் போவதாகச் செய்தி வந்தது. நெட்டையின் மகள் என் வீட்டுக்கு வந்தாள். அவளைத் தோளில் தூக்கி வளர்த்தவன் நான்.

"மாமா, அப்பா தன் பேரை ஒரு தடவையாவது அச்சுல பாத்துரணும். அவருக்குப் படிக்கத் தெரியாமப் போறதுக்குள்ள. கூட இருந்தவங்கள்ல இப்ப நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க. நீங்க சொன்னா போதும்."

கண்டிப்பாகச் சொல்கிறேன் என்றேன். அன்று மதியத்திலிருந்துதான் தினமும் அவன் வீட்டுக்குப் போக ஆரம்பித்தேன்.

போனதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நீங்கள் என்னை அதை வாசிக்கச் சொல்லிப் படம் பிடிக்க விரும்பினீர்கள். மேடையில் நான் எப்போதும் அதைக் கொஞ்சம் மாற்றித்தான் வாசிப்பேன், ரசிகர்கள் கற்பனை என்று தலையாட்டுவார்கள். உண்மையில் அதில் கிடார் அழுவதுபோல வரும் அந்த அடித்தொண்டைச் சத்தம் எனக்குப் பிடிபடவே இல்லை. நெட்டையின் மடியில் கிடாரை வைத்தேன். மனைவி பெயரிலேயே தடுமாறுகிறவன், கை பட்டதும் தடித்த தந்தியின் சுருதியை இறக்கிவிட்டு அப்படியே வாசித்தான். "இந்த ஸ்ட்ரிங்கை எறக்கணும்டா. அப்பதான் அழும்" என்றான். ஆயுசு முழுக்க நான் தேடியது ஒரு திருகலில் இருந்தது. வீட்டுக்குப் போய் வாசித்துப் பார்த்தேன், வந்தது.

அதன் பிறகு அவனுடைய நினைவைத் திருத்த ஆரம்பித்தேன்.

அவரோடு வாதாடாதீர்கள், சொல்வதற்கெல்லாம் சரி என்று சொல்லுங்கள் என்று டாக்டர் வீட்டில் உள்ளவர்களிடம் சொல்லியிருந்தார். இன்றைக்கு ரிக்கார்டிங் இருக்கிறது என்று அவன் கிளம்பினால், மனைவி மறுபேச்சுப் பேசாமல் சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுப்பாள். அந்த வீட்டில் அவனை மறுத்துப் பேசியவன் நான் ஒருவன்தான். நான் வாசித்தபோது என்று அவன் தொடங்குவான். நீ இல்லடா, நான் என்பேன், மெதுவாக, சத்தம் போடாமல். மற்றதையெல்லாம் உள்ளபடியே சொல்வேன். பாடகியின் மப்ளர், வியர்வை, கேன்டீன் டீ, எதையும் நான் தொடவில்லை. நாற்காலியை மட்டும் மாற்றினேன்.

முதலில் சிரித்தான், பிறகு கோபப்பட்டான். ஒரு நாள் குழந்தை மாதிரி அழுதுகொண்டு, "அப்ப நான் என்னதான்டா வாசிச்சேன்?" என்று கேட்டான். நீ ரிதம் வாசித்தாய், நன்றாக வாசித்தாய் என்று சொல்லி, என் கைக்குட்டையால் அவன் முகத்தைத் துடைத்தேன். அவன் மனைவி கதவருகில் நின்று கண் கலங்கினாள். "உங்களை மாதிரி யாருண்ணே வந்து பாக்குறாங்க?" என்றாள்.

கிடார் மட்டும் தொல்லை கொடுத்தது. மனதில் இல்லாதது கையில் இருந்தது, எடுத்த உடனே தடித்த தந்தியை இறக்கிவிடுவான். ரிப்பேர் பார்த்துக் கொண்டுவருகிறேன் என்று சொல்லி அதை என் வீட்டுக்கு எடுத்துவந்தேன். பிறகு அவன் விரல்கள் போர்வை விளிம்பில் எதையோ தேடிக்கொண்டே இருக்கும். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொள்வேன், கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும்.

நீங்கள் வந்த அன்று அவன் சொன்னதை நீங்களே கேட்டீர்கள். மகள் எழுந்து நின்று, "அப்பா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்றாள். "எனக்குத் தெரியாதா? பக்கத்துல உக்காந்திருந்தவன் நான்தானே" என்று அவளையே கடிந்துகொண்டான். அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் பேசுவேன் என்று காத்திருந்தாள். நான் உங்கள் ரெக்கார்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் உள்ளே போய்விட்டாள். அதன் பிறகு இன்றுவரை என்னை மாமா என்று கூப்பிடவில்லை. நெட்டையைத் தூக்கிக்கொண்டு போன அன்றும் என்னை வாசலுக்கு வெளியிலேயே நிற்க வைத்தாள்.

அடுத்த பதிப்பில் என் பெயரை எடுத்துவிட்டு அவன் பெயரைப் போடுங்கள். பார்க்க அவன் இல்லை, ஆனாலும் போடுங்கள். அவனுக்குத் தன் கையையே தெரியாமல் செய்தவன் நான் என்று வேண்டுமானாலும் எழுதுங்கள்.

ஆனால் ஒன்று. மகள் உள்ளே போன பிறகு நீங்கள் பாட்டைப் போட்டீர்கள், நினைவிருக்கிறதா? நெட்டை கண்ணை மூடிக் கேட்டான். கண்ணீர் தாடைவரை வழிந்தது. முடிந்ததும் என் கையை எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டான். "ஒரு தடவையாவது இப்படி வாசிச்சிருக்கணும்டா நான். எனக்குக் கொடுத்து வைக்கலை" என்றான்.

எத்தனையோ பேர் கைதட்டியிருக்கிறார்கள், அவர்களுக்கு என்ன தெரியும்? அந்த வாசிப்பின் அருமை தெரிந்தவன் உலகத்தில் அவன் ஒருவன்தான், அவன் வாயாலேயே என்னைப் பாராட்டிவிட்டான். அதை மட்டும் என்னிடமிருந்து யாரும் திருப்பிக் கேட்காதீர்கள். அது நான் வாசித்ததற்காகக் கிடைத்தது.