மேட்டூரில் அழாத பிள்ளைகள்

ஓமத்தண்ணீர் வயிற்றுக்கு நல்லது, இன்ஸ்பெக்டர் ஐயா. அதை நான் ஒருநாளும் மறுத்ததில்லை. புதுச்சத்திரத்தில் நாச்சிமுத்து காய்ச்சியதைப் போல இந்தச் சேலம் ஜில்லாவில் எவனும் காய்ச்சியதில்லை. நாங்கள் இருவரும் கூட்டு. அவன் காய்ச்சுவான், நான் விற்பேன். சாயங்காலமானால் சண்டை போடுவோம்.

"சரக்கு சுத்தமா இருந்தா ஆளுங்க ஊடு தேடி வருவாங்கடா ராசப்பா" என்பான், சாமி வந்து அருள்வாக்குச் சொல்கிறவனைப் போல.

"ஈகூட வர்லியேப்பா. நாமதான் எடுத்துக்கிட்டுப் போவோணும்" என்பேன்.

வேறு யாரோடும் எனக்கு அப்படிப் பேச்சு வாய்த்ததில்லை. பெண்டாட்டி பிள்ளை கிடையாது.

மேட்டூரில் அணை வேலை நடந்த சமயம். பாட்டில்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு கூலிக் குடிசைகளுக்குப் போனேன். பெண்கள் கல் சுமந்தார்கள். கைக்குழந்தைகள் மரத்தடித் தூளிகளில் கிடந்து கத்தின. பால் கொடுக்கப் போனால் மேஸ்திரி கூலியைப் பிடிப்பான். அவர்களுக்கு வேண்டியது வயிற்றுவலி மருந்து அல்ல, அழாத பிள்ளை. வாங்குகிறவருக்கு என்ன வேண்டும் என்று பார்ப்பதுதானே வியாபாரம்? ஒவ்வொரு பாட்டிலிலும் கொஞ்சம் அபின் கரைத்தேன்.

பிறகு நான் கூவவே வேண்டியிருக்கவில்லை. ஒருத்தி இன்னொருத்திக்குச் சொன்னாள்.

சின்னாயி என்று ஒருத்தி, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். "ஏனுங்க, நேத்துல இருந்து கண்ணே தொறக்கலீங்க. பாலும் குடிக்க மாட்டேங்குதுங்க."

தொட்டுப் பார்த்தேன். சில்லிட்டிருந்தது.

"நல்லாத் தூங்குது சாமி. தூக்கந்தானே பிள்ளைக்கு வளர்த்தி?" என்றேன். அவளுடைய மூத்த பிள்ளைக்கென்று ஒரு பாட்டில் இனாமாகவும் கொடுத்தேன். இரக்கமில்லாதவன் என்று என்னை யாரும் சொல்ல முடியாது.

அப்புறமும் சில தூளிகள் காலியாயின. காய்ச்சல் என்றார்கள். நானும் ஆமாம் என்றேன். தாய்மார்கள் தூளிகளை அவிழ்த்துச் சேலையாகக் கட்டிக்கொண்டு மறுபடி கல் சுமக்கப் போனார்கள்.

மறுபடி நிரப்பக் காலியாகத் திரும்பி வந்த பாட்டில் ஒன்றை நாச்சிமுத்து முகர்ந்துவிட்டான். "இது நான் காய்ச்சுன மருந்து இல்லடா" என்று மட்டும் சொன்னான். பஸ் ஏறி மேட்டூர் போய், பிள்ளைகளுக்கு அதைக் கொடுக்காதீர்கள் என்று குடிசை குடிசையாகக் கெஞ்சினான். "பிள்ளை கத்துனா நீயா வந்து கல்லுச் சொமப்பே?" என்று கேட்டு விளக்குமாற்றால் விரட்டினார்களாம். சுத்தமான சரக்கு காய்ச்சியவனுக்குக் கிடைத்த மரியாதை அது. எங்கள் சண்டையில் நான் ஜெயித்தது அன்றைக்குத்தான்.

ஜெயித்ததைச் சொல்லிக்காட்டத்தான் ஆளில்லை. அவன் வீட்டுக் கதவு எனக்குத் திறக்கவில்லை. சாயங்காலங்களில் சும்மா உட்கார்ந்திருந்தேன். பகலில் நானே ஓமத்தைக் காய்ச்சி அபின் கரைத்தேன். சின்னாயி பிள்ளையைத் தொட்டபோதே எனக்குத் தெரியும். தெரிந்துதான் அதற்குப் பிறகும் கரைத்தேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

புகார் கொடுத்தது நாச்சிமுத்து என்கிறீர்கள். நல்லது. கோர்ட்டுக்குச் சாட்சி சொல்ல வருவான் அல்லவா? என் எதிரில் நின்று பேசித்தானே ஆகவேண்டும். பாவம், இத்தனை நாளாக அவனுக்கும் பேச்சுத்துணைக்கு ஆளில்லாமல்தான் இருந்திருக்கும்.