கல்லறை இருக்கிறவனுக்குக் கதவு கிடையாது

— தட்டாதீங்க. உங்க குரல் எனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் திறக்க மாட்டேங்கிறேன்.

— இது நல்லா இருக்கே. தெரியாதவனா இருந்தா திறந்திருப்ப போல.

— தெரியாதவங்களுக்கு நான் கருமாதி பண்ணலையே. கேளுங்க, கதவை விட்டுக் கொஞ்சம் தள்ளி நில்லுங்க. நிலைப்படியில கால் வைக்காதீங்க.

— லிசில்லா, கடலைத் தாண்டி வந்தவன்டி நான். ஒரு பலகையைத் தாண்ட விட மாட்டேங்கிற. தெருவுல போறவன் வர்றவன் எல்லாம் என்னையே பார்க்கிறான்.

— பார்க்கத்தான் செய்வாங்க. செத்தவர் பட்டப்பகல்ல வாசல்ல வந்து நின்னா வேற என்ன பண்ணுவாங்க? ஏதென்ஸ் முழுக்கத் தெரியும், தெலேசோன் சண்டையில செத்துட்டாருன்னு. உடம்பு இல்லாத பாடையில உங்க மேலங்கியை விரிச்சு, அது மேல என் முடியை வெட்டி வச்சு, ஒப்பாரி பாடி அனுப்பினோம். மூணாம் நாள், ஒன்பதாம் நாள் எதையும் விடலை.

— என் கல்லறைக் கல்லையும் பார்த்தேன். கோட்டை வாசலுக்கு வெளியே, சாலை ஓரமா. அதுல நீ உட்கார்ந்திருக்க, நான் நின்னுக்கிட்டு உன் கையைப் பிடிச்சிருக்கேன். செதுக்கினவன் என் மூக்கைத் தாராளமா நிமித்திவிட்டிருக்கான். இருந்தப்போ இல்லாத அழகு செத்தப்புறம் வந்துருச்சு.

— சிரிப்பா இருக்கா உங்களுக்கு? அந்தக் கல்லுக்கு எண்ணெய் தடவி நாடா கட்டுறதுதான் எனக்கு வேலையா இருந்துச்சு. யாரும் இல்லாத நேரமாப் பார்த்து அந்தக் கல் கையைத் தொட்டுக்கிட்டு உட்கார்ந்திருப்பேன்.

— நாடா புதுசா இருந்துச்சு. பக்கத்துல தேன் அப்பமும் இருந்துச்சு.

— முந்தாநாள் நான் வச்சது.

— தின்னுட்டேன்.

— என்னது?

— பசி, லிசில்லா. துறைமுகத்துல இருந்து நடந்தே வந்தேன். சரிதான், யாருக்கு வச்ச அப்பம்? எனக்குத்தானே. வேற எவன் வந்து உரிமை கொண்டாடப் போறான்?

— தாயும் மகளுமான ரெண்டு தேவி மேல ஆணையா, உங்களை என்னதான் சொல்றது. செத்தவங்களுக்குப் படைச்சதை உசிரோட இருக்கிறவங்க வாயில வைக்கலாமா? ஆமா, நான் செத்தவன்தான்னு நீங்களே வாயால ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிருச்சு. இருந்த தீட்டு போதாதுன்னு இது வேற.

— எள்ளு கொஞ்சம் தூக்கலா இருந்துச்சு. உன் கைப்பக்குவம். வாயில வச்சதும் அழுதுட்டேன், அங்கேயே, நடுச் சாலையில.

— சொல்லுங்க, இவ்வளவு காலமும் எங்கே இருந்தீங்க? ஆத்தங்கரையில ஈட்டி பட்டு நீங்க விழுந்ததைக் கண்ணால பார்த்தேன்னு கூடப் போனவரே வந்து சொன்னாரே.

— விழுந்தது நிஜம். கண்ணு முழிச்சப்போ எதிரி சிரக்கூஸ்காரன் கையில இருந்தேன். கல் வெட்டின பள்ளத்துல கொண்டுபோய்ப் போட்டாங்க. வெயிலும் அங்கேதான், பனியும் அங்கேதான், செத்தவனும் சாகாதவனும் ஒண்ணாத்தான் கிடந்தோம். அப்புறம் நெத்தியில குதிரை முத்திரையைச் சூடு போட்டு அடிமையா வித்தாங்க. வாங்கின கிழவன் பரவாயில்லை. சாகும்போது போடான்னு விட்டுட்டான்.

— நெத்தியிலயா?

— அதான் தொப்பியைக் கழட்டலை. நீ கதவைத் திறந்ததும் முதல்ல அதைப் பார்த்துடக் கூடாதேன்னு வழி முழுக்க அதே யோசனை.

— அதைப் பார்த்து நான் பயப்படுவேன்னா நினைச்சீங்க? உங்க குரல் கேட்டதுல இருந்து கதவுல கன்னத்தை வச்சுக்கிட்டுத்தான் நிக்கிறேன். எனக்கு மட்டும் பார்க்கணும்னு இருக்காதா?

— அப்போ திற.

— மாட்டேன். கருமாதி முடிஞ்சவரு உள்ளே வந்தா சாவும் பின்னாடியே வரும். வீட்டுல ஒரு உசிரையாவது கொண்டுபோகாமப் போகாது.

— யாரைக் கொண்டுபோகும்? நீ ஒருத்தி, என் தம்பி ஒருத்தன். எங்கே அவன்? அண்ணன் வந்திருக்கேன்னு சொல்லு, கதவைப் பேர்த்துக்கிட்டு ஓடி வருவான்.

— அவரு ஒலிவத் தோப்புக்குப் போயிருக்காரு.

— அவரா? மண்டையில கரண்டியால போடுவியே அவனை. சரிதான், நான் செத்ததும் பயலுக்கு மரியாதை கூடிருச்சு. நல்லதுதான். வீட்டுக்கு ஆம்பளைன்னு ஒருத்தன் வேணுமே.

— எல்லாரும் அதையேதான் சொன்னாங்க.

— சரி கேளு, நான் சும்மா வரலை. துறைமுகத்துலயே சடங்கு முறை தெரிஞ்ச பெரியவரைப் பார்த்துட்டுத்தான் வந்தேன். என்னை மாதிரி ஆளுக்கு வழி இருக்காம். செத்தவன் வீட்டுக்குள்ள வரக் கூடாது, பிறந்தவன் வரலாமாம். அதனால நான் மறுபடி பிறக்கணும். பொம்பளைங்க என்னைக் குளிப்பாட்டி, துணியில சுத்தி, மடியில போட்டுப் பால் கொடுக்கணும். ஒரு வாய் குடிச்சாப் போதும், தீட்டு போயிரும். இந்தத் தாடியை வச்சுக்கிட்டு நான் கைக்குழந்தை.

— யாரு கொடுக்கணுமாம்?

— யார் வேணாலும். ஆனா பால் கொடுத்தவதான் அப்புறம் அவனுக்குத் தாய், சாகிற வரைக்கும். அதனால பொண்டாட்டி மட்டும் கொடுக்கக் கூடாதுன்னார். நமக்கு அந்தக் கவலை இல்லை, பிள்ளை பெத்தாத்தானே பால். கப்பல் ஏறுறதுக்கு முன்னாடி ஒரு குளிர்காலம் சேர்ந்து இருந்தோம், அவ்வளவுதான். தெருவுல கைப்பிள்ளைக்காரி யாராவது இருக்காளா?

— குயவர் பொண்டாட்டி இருக்கா. கூப்பிட்டா வருவா.

— அப்புறம் என்ன யோசனை? கூப்பிடு. ஊரே கூடிச் சிரிச்சாலும் பரவாயில்லை, பொழுது சாயறதுக்குள்ள பிறந்துடறேன். அந்தப் பள்ளத்துல கிடந்தப்போ சாமிகிட்ட வேற எதையும் கேட்கலைடி. என் பொண்டாட்டி பக்கத்துல உட்கார்ந்து ஒரு வேளைக் கஞ்சி. அது போதும்னு கேட்டேன்.

— நானும் அதையேதான் கேட்டேன். கப்பல் வந்துச்சுன்னா துறைமுகத்துக்கு ஆள் அனுப்பிருவேன். செத்துட்டீங்கன்னு சொன்னப்புறமும் அனுப்பினேன். கடைசியில எங்க அண்ணன் கத்திட்டான், கல்லுக்குப் பொண்டாட்டியா எத்தனை காலம் இருப்பே நீன்னு.

— அவன் கிடக்கிறான் விடு. போய் அவளைக் கூட்டிட்டு வா. ஏன் அழற? நான்தான் வந்துட்டேனே.

— அவ பால் கொடுத்தா நீங்க என் புருஷனா இந்த வீட்டுக்குள்ள வருவீங்க.

— வேற எப்படி வரணும்?

— எங்க அண்ணன் என்னை உங்க தம்பிக்குக் கட்டி வச்சுட்டான். நீங்க புருஷனா வந்தா அவரு வெளியே போகணும். போகும்போது தொட்டில்ல இருக்கிறவனையும் தூக்கிட்டுப் போயிருவாரு, அப்பன் பிள்ளைதானே சட்டப்படி.

— லிசில்லா, தொட்டில்ல யாரு?

— இப்பத்தான் தூங்கினான். குயவர் பொண்டாட்டியை நான் கூப்பிடப் போறது இல்லை. உங்களைத் திரும்ப அனுப்பவும் என்னால முடியாது, தெலேசோன், இன்னொரு தடவை என்னால முடியாது.

— அப்போ என்னதான் பண்ணச் சொல்ற?

— வாசல்லயே இரு, ராசா. தண்ணி சுட வைக்கிறேன். பால் நான் தரேன்.