நுகத்தடியில் தொங்கிய கயிறு

சவரிமுத்து அண்ணா, வைக்கோலோடு எரிந்துபோன உன் மாட்டுவண்டியைத் தாண்டித்தான் நேற்று கண்ணமங்கலத்திலிருந்து வாடகை வண்டியில் ஆரணிக்கு வந்தேன். நீ குடித்துவிட்டுத் தூங்கியதால் தீயில் செத்தாய் என்று ஊரே சொல்கிறது. அதன் பக்கத்தில் வண்டி கொஞ்ச நேரம் நின்றது. கூட வந்த இரண்டு பேருக்கும் நான் யாரென்று தெரியாது.

"நொகத்தடியில தொங்குற கயித்தப் பாத்தியா மாமா? எரிஞ்சி அறுந்தது இல்ல. அறுத்துவுட்டுகீது."

"மாடு இழுத்து அறுத்துகினு ஓடியிருக்கும்டா."

"மாட்டு கையில அரிவாள யாரு குடுத்தாங்க? ரெண்டு பக்கமும் ஒரே வெட்டா கீது பாரு."

மாமா எட்டிப் பார்த்தார்.

"அப்போ அவன் தூங்கல. மாட்ட அவுத்துவுடப் போயிதான் மாட்டிகினான்."

ஊர் ஜனங்களே, என் அண்ணனுக்காக எல்லாரும் ஜெபம் பண்ணுங்கள். குடித்துத் தூங்கினான் என்று சொன்னவர்களும் பண்ணுங்கள்.