கட்டம் கட்டமாய் ஒரு புதுப் பாட்டு

"நான் எழுதுன பாட்ட கம்ப்யூட்டர் கட்டம் கட்டமாக் காட்டுது மச்சான்."

டோம்பிவிலியிலிருந்து வரும் மும்பை லோக்கல் ரயிலில் எதிரே இருந்தவர் பக்கத்தில் இருந்த நண்பரிடம் இப்படிச் சொன்னதும், என் கையிலிருந்த செய்தித்தாள் வெறும் திரைச்சீலை ஆகிவிட்டது. அவர்களுடைய தாராவி சர்ச்சில் பாட்டு வரிகளைத் திரையில் காட்டும் கம்ப்யூட்டர் ரொம்பப் பழசாம்.

"பழைய மெசினு, பெரிய சாஃப்ட்வேர் தாங்காதுன்னு இருக்கதுலயே லேசான லினக்ஸா ஏத்துனேன். ஜட்பட்னு தெறக்குது. தமிழ் எழுத்து மட்டும் அதுல இல்ல."

"அப்ப போன வாரம் எப்படிப் பாடுனாங்க?"

"பழைய பாட்டெல்லாம் மனப்பாடம்லா. ஒருத்தரும் திரையப் பாக்கல. நாளைக்கு என் பாட்டு புதுசு, வரி தெரியாம எப்படிப் பாடுவாங்க? நீ சர்ச்சு சாவியக் கொண்டு வந்து தெறந்தா இன்னைக்கே எழுத்த ஏத்திருவேன்."

"எல, சவத்த விடு. கட்டமாவே இருக்கட்டும். பாட்டு நல்லாருக்கும்னு சனம் நெனச்சுக்கிடும்."

என் ஆபீஸ் கம்ப்யூட்டர் திறப்பதற்குள் நான் டீ குடித்துவிட்டு வருவேன். எனவே அந்த லேசான லினக்ஸ் வகையின் பெயராவது காதில் விழாதா என்று, குர்லாவில் இறங்க வேண்டியவன் இறங்காமலே இருந்தேன்.

பெயர் வரவில்லை. அவர் தன் பாட்டின் முதல் இரண்டு வரிகளை மெல்லப் பாடினார். ஜன்னலோரத்து மராத்திக்காரர்கூட போனிலிருந்து தலையைத் தூக்கினார்.

நண்பர் பையைத் துழாவிச் சாவியை எடுத்தார்.

"சயான்ல எறங்குனதும் நேரா சர்ச்சுக்கே போயிருவோம்."