வெறும் தண்ணி பாட்டில்

பூர்ணிமா: அம்மாவுக்கு மாவுக்கட்டு போட்டாச்சா?

கொளஞ்சி: உள்ள போட்டுக்கிட்டிருக்காங்க. வலது கை. வலியிலயும் அம்மா நர்ஸம்மாகிட்ட, "தெரு பைப்புத் தண்ணியில விஷம்னு கண்டுபுடிச்சது எம்புள்ளதான்"னு...

பூர்ணிமா: பெருமைதான? காலாப்பட்டு யுனிவர்சிட்டியில ஆராய்ச்சி பண்ற புள்ள. பேப்பர்லயே போட்டோ வந்துச்சே!

கொளஞ்சி: அதுல நான் பைப்ப மொறைக்கிறேன், பைப்பு என்னை மொறைக்குது. மறுநாளே பைப்பு வாயில சாக்கக் கட்டிட்டாங்க. எங்க தெருவே இப்ப கொடத்தோட அடுத்த தெருவுக்கு அலையுது. அங்க பாசி வழுக்கித்தான் அம்மா...

பூர்ணிமா: நாம என்ன பண்றது? குளோரின் போட்டா தண்ணியில துளி குளோரோஃபாம் வரத்தான் செய்யும். அளந்தோம், அதிகமா இருந்துச்சு, சொன்னோம்.

கொளஞ்சி: துளியா? மெஷின் காட்டுனத நம்புனா, எங்க முத்தியால்பேட்டையில தண்ணி குடிச்சவங்க எல்லாருக்கும் மயக்க ஊசி இல்லாமலே அங்கயே ஆபரேஷன் பண்ணிருக்கலாம்.

பூர்ணிமா: ஏய்... ஆஸ்பத்திரியில சிரிக்க வெக்காத.

கொளஞ்சி: பூர்ணி... பைப்புத் தண்ணி புடிச்ச பாட்டிலுங்கள எந்த ஃபிரிட்ஜுல வெச்ச?

பூர்ணிமா: லேப் ஃபிரிட்ஜுலதான்.

கொளஞ்சி: கீழ்த்தட்டுல குளோரோஃபாம் வெச்சிருப்பாங்களே, அதுலயா?

பூர்ணிமா: ...மூடி இறுக்கமாத்தான் இருந்துச்சு.

கொளஞ்சி: எதோட மூடி?

பூர்ணிமா: அதத்தான் ரெண்டு வாரமா யோசிக்கிறேன். அந்த ஆவி நம்ம பாட்டிலுக்குள்ள பூந்திருந்தா... கைடு சார்கிட்ட சொல்லிருக்கணும். உன் பேரு பேப்பர்ல வந்துடுச்சேன்னு வாய மூடிக்கிட்டேன்.

கொளஞ்சி: எனக்காகவா?

பூர்ணிமா: பின்ன, பைப்புக்காகவா? ஆனா ஒண்ணு, நிச்சயமாத் தெரியாது. பைப்புத் தண்ணியோட வெறும் டிஸ்டில்டு வாட்டர் பாட்டில் ஒண்ணும் அதே ஃபிரிட்ஜுல வெச்சோமே, பிளாங்க்கு... அதுல குளோரோஃபாம் இல்லன்னா நம்ம மேல தப்பில்ல. இருந்தா... எல்லாம் நாம ஃபிரிட்ஜுல வெச்சதால வந்ததுதான். நாளைக்கே அத மெஷின்ல ரன் பண்ணிப் பாத்துடலாம், கொளஞ்சி. உண்மை தெரிஞ்சா பைப்பத் தொறந்துடுவாங்க.

கொளஞ்சி: அம்மா தொறக்க விடாது. "எம்புள்ள சொல்லி மூடுன பைப்பு, எவன் வந்து தொறக்குறான்னு பாக்குறேன்"னு நேத்துகூட தெருவுல நின்னு சண்ட போட்டுச்சு.

பூர்ணிமா: அதுக்குன்னு? மொதல்ல பிளாங்க்க ரன் பண்ணுவோம்.

கொளஞ்சி: பண்ணிட்டேன்.

பூர்ணிமா: எப்ப? என்ன வந்துச்சு?

கொளஞ்சி: பைப்புத் தண்ணியில எவ்ளோவோ, அதுலயும் அவ்ளோ. போட்டோ எடுக்க வந்தாங்களே... அன்னிக்குக் காலையில.